ரெண்டரை அடித் தண்ணியில போற வண்டி

வாங்க தம்பி. வாங்க அம்மிணி. கோபியிலிருந்து இத்தன வெள்ளனவே வந்துட்டீங்களே, வழியில கூட்டமில்லீங்களா? வண்டி அந்தத் தார்ப்பாய்க்குள்ளதான் இருக்குது, சித்த இருங்க, எடுத்துக் காட்டறேன். வெயிலு பட்டா பெயிண்டு மங்கிப்போகும்னு மூடி வெச்சிருக்கறது. ஒரே ஒரு ஒதவி, ஏறிப் பாக்கறப்ப செருப்ப மட்டும் அக்கட்டால கழட்டிருங்க. சீட்டு மேல இருக்கற பாலித்தீன் கவரு கம்பெனியில போட்டதுதானுங்க. இன்னும் பிரிக்கல. அந்தச் சந்தோசத்த வாங்கறவங்களுக்குன்னே விட்டு வெச்சிருக்கறேன்.

டீ சொல்லியிருக்கறேன், பேக்கரியிலிருந்து இப்ப வந்துரும். வீட்டுலயே போட்டுக் குடுக்கலாந்தான், பால் இருக்குது, டீத்தூள் எந்த டப்பாவுல இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. சம்சாரம் இப்போதைக்கு இங்க இல்ல. அதையும் சொல்றேன். ஏனுங்க விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்களே, அதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாமத்தான் நேர்ல வாங்கன்னு சொன்னது.

நானுங்க, இந்தப் பொள்ளாச்சியில மோட்டார் கடை வெச்சிருக்கறேன். நாகமாணிக்கம் பம்புசெட்டுன்னா பஸ் ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் கை காட்டுவாங்க. ஒருத்தன் மோட்டார் வேணும்னு வந்தா சும்மா எடுத்துக் குடுத்துர மாட்டேன். கெணறு எத்தன ஆழம், போரா, எத்தன ஏக்கரா, தென்னையா வாழையா, எல்லாம் கேட்பேன். கேட்டுட்டு, அவன் அஞ்சு ஹெச்.பி. போதும்னு சொன்னாலும் ஏழரையக் குடுத்துத்தான் அனுப்புவேன். நாளைக்குத் தண்ணி கீழ போயிருச்சுன்னா என்ன பண்ணுவான் சொல்லுங்க? எதுலயுமே ஒரு படி சேத்தி நிக்கோணுமுங்க. இது என்ற கொணம். வீட்டுக்கும் அப்பிடித்தான் பாத்துப் பாத்துச் செய்வேன். ஆனா வீட்ல இருக்கறவங்களுக்கு அது புரியோணுமே.

என்ற சம்சாரம் பேரு கோகிலவாணி. டீச்சரு. இங்க டவுனுக்குள்ளயே நடுநிலைப்பள்ளியில கணக்கு எடுத்துட்டிருந்தா. காலையில எனக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டு, பொண்ணு தர்ஷினியக் கூட்டிட்டு, நடந்தே போயிட்டு நடந்தே வந்துருவா. போன வருசம் பங்குனியில ஒரு சேதி வந்துச்சு. ஹெட்மாஸ்டர் பிரமோசன் லிஸ்ட்டுல இவ பேரு இருக்குது, கவுன்சிலிங்குக்குக் கூப்பிடுவாங்கன்னு. இருக்கற காலியிடத்துல இவளுக்குத் தோதுப்பட்டது ஒண்ணே ஒண்ணு. நல்லாம்பாறைன்னு, மலையடிவாரத்துல ஒரு ஊரு. ரெண்டு பஸ் மாறிப் போயி, உப்போடைன்னு ஒரு ஓடையத் தாண்டி நடக்கோணும். ஓடை மேல ஒரு தரைப்பாலம். மழை பேஞ்சா பாலம் தண்ணிக்குள்ள போயிரும்.

வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு, இன்னும் ரெண்டு வருசங் கழிச்சுப் பக்கத்துலயே வரும்னு சொன்னேன். அவ, பதினேழு வருசமா அடுத்தவங்க அடிச்ச பெல்லுக்கே கிளாசுக்குப் போயாச்சுன்னு மட்டும் ஒருக்காச் சொன்னா. அப்பறம் பாத்தா, எனக்குத் தெரியாம, தெரியாமன்னு இல்ல, நான்தான் காதுல வாங்கல போல, டிரைவிங் ஸ்கூல்ல சேந்து லைசென்சே எடுத்துட்டு வந்துட்டா. மொதத் தடவையிலயே பாஸு. வந்து என்ற முன்னால கார்ட வெச்சுட்டு, "ஏனுங்க, ஒரு சின்ன வண்டி இருந்தாப் போதும், நானே போயிட்டுப் பொழுதோட வந்துருவேன்"னு சொன்னா.

சரி, ஆசப்பட்டுட்டா, செய்வோம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அதுல நான் ஒரு கொறையும் வெக்கலீங்க. ஆனா சின்ன வண்டிங்கறதுதான் எனக்குச் சரியாப் படல. மலையடிவாரம், மண் ரோடு, ஓடைத் தண்ணி, இதுலெல்லாம் சின்ன வண்டி என்னத்துக்காகும்? அதுவுமில்லாம ஒரு வண்டி எடுத்தா அது தெனமும் கடைக்குப் போறதுக்கும் ஆகோணும், குடும்பத்தோட ஊருக்குப் போறதுக்கும் ஆகோணும், கல்லு முள்ளு பாக்காம ஏறவும் செய்யோணும். நாலு சக்கரமும் இழுக்கற வண்டியா இருந்தாத்தான் இது மூணும் முடியும். உங்களுக்குத் தெரியாததில்ல, நீங்களும் அதுக்குத்தான வந்திருக்கறீங்க.

அன்னிக்குப் புடிச்சதுதானுங்க, பங்குனி, சித்திர, வைகாசி, ஆனின்னு வண்டி பாக்கறதே சோளியாப் போச்சு. சோறு உங்கறப்பவும் போன்ல வண்டிதான். பாலைவனத்துல ஓட்டிக் காட்டறான், பனியில ஓட்டிக் காட்டறான். எல்லாத்தையும் பாத்தேன். கடையில மோட்டாருக்கு வந்தவன்கிட்டக்கூட தரையிலிருந்து வண்டி அடி எத்தன ஒசரம்னு கிரவுண்ட் கிளியரன்சப் பத்திப் பேசியிருக்கறேன்னா பாத்துக்கோங்க. ஞாயித்துக்கெழம ஆனா மூணு பேரும் கோயமுத்தூரு. ஒரு ஷோரூம் விடல. நான் டேப்பு கொண்டு போயிருவேன். அவங்க சொல்ற அளவ அப்பிடியே நம்பறதில்ல, குனிஞ்சு படுத்து நானே அளந்து பாப்பேன். தர்ஷினி அங்கயே சோபாவுல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. நல்ல ஏசி, குடிக்க ஜூசு, அவளுக்கு என்ன கொறை?

கோகிலாவும் வருவா. பின் சீட்டுல உக்காரச் சொல்லுவேன், காலு நீட்ட எடம் போதுமான்னு கேட்பேன். போதுமுங்கன்னு சொல்லுவா. எல்லா வண்டிக்கும் போதுமுங்கதான். ஒரு நாளு எங்கடா ஆளக் காணமேன்னு தேடிப் பாத்தா, அக்கட்டால மூலையில நிறுத்தியிருந்த ஒரு சின்ன கார்ல, டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கறா. சீட்ட முன்னால இழுத்துக்கிட்டு, கண்ணாடிய அவ ஒசரத்துக்குத் திருப்பி வெச்சுக்கிட்டு, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல. கூப்பிட்டேன், காதுல விழுகல. பாவமுங்க, சின்ன விசயத்துக்கே சந்தோசப்படற மனசு அவளுக்கு. போயி எறக்கிக் கூட்டிட்டு வந்தேன்.

அம்மிணி, ஏற முடியலீங்களா? அந்தக் கைப்புடிய நல்லா எட்டிப் புடிச்சு, மொதல்ல வலது கால வெச்சு ஒரு எத்து எத்தோணும். அப்பிடித்தான். பழகிருமுங்க.

எங்க விட்டேன்? ஆங், ஆடி பொறந்துருச்சு. கவுன்சிலிங் தேதி நெருங்கிருச்சு. நான் ரெண்டு வண்டியில வந்து நிக்கறேன், அதுல ஒண்ணுதான் உங்க முன்னால நிக்கற இது. என்ற மச்சினன், ஈஸ்வரமூர்த்தின்னு, கோகிலாவோட தம்பி, அவன் ஒரு பக்கம் வந்து, மச்சான், அக்கா ஓட்டறதுக்கு எது கைக்கு அடக்கமோ அத எடுங்கன்னு ரோசனை சொல்றான். அவன்கிட்ட ஒரு ஓட்டச் சின்ன கார் இருக்குது, காய்கறி ஏத்திட்டுத் திரியறவன், அவன் எனக்கு வண்டி சொல்றான். வீட்ல பேச்சே கொறஞ்சு போச்சு. ஒரு நாள் காலையில அவளே சொன்னா, கோயிலுக்குப் போயிப் பூக் கேட்டுருவோமுங்கன்னு. அட, எனக்கும் அதேதான் மனசுல ஓடிட்டிருந்துச்சு.

உங்க பக்கமும் உண்டுதான? எங்க கொலதெய்வம் கோயில்ல, வெள்ள அரளி ஒரு பொட்டணம், செவப்பரளி ஒரு பொட்டணம், ஒரே மாதிரி எலையில மடிச்சு சாமி முன்னால போட்டுருவாங்க. மனசுக்குள்ள நெனச்சுக்கோணும், வெளிய சொல்லக் கூடாது. கோயிலுக்கு வந்த சின்னப் புள்ள ஏதாச்சும் ஒண்ணக் கூப்பிட்டு ஒரு பொட்டணத்த எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தாச் செய்யலாம், செவப்பு வந்தா வேண்டாம். எங்க கல்யாணமே அப்பிடிக் கேட்டு வெச்சதுதானுங்க.

நான் கண்ண மூடிட்டு, சாமி, பெரிய வண்டியே எடுத்துரலாமான்னு கேட்டேன். பக்கத்துல அவளும் கை கூப்பி நின்னுட்டிருக்கறா. ஒரு புள்ள வந்து எடுத்துக் குடுத்துச்சு, பூசாரி பிரிச்சாரு, வெள்ளை. பளிச்சுன்னு வெள்ளைங்க. திரும்பிப் பாத்தா கோகிலாவுக்குக் கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கு மேலு சிலிர்த்துப் போச்சு. நாலு மாசமா வாயத் தொறக்காம, மனசுக்குள்ள இந்த வண்டி மேல இத்தன ஆச வெச்சிருந்திருக்கறாளேன்னு. பூசாரி தட்டுல நல்லாப் போட்டுட்டு வந்தேன். திரும்பி வாறப்ப பஸ்ஸுல என்ற தோள்ல சாஞ்சுக்கிட்டா. கல்யாணம் ஆன புதுசுல சாஞ்சது.

அடுத்த நாளே போயி அட்வான்ஸக் குடுத்துட்டேன். ஆடி கழிஞ்சு ஆவணி பொறந்ததும் டெலிவரின்னு பேச்சு. அவ அந்த வாரமே கவுன்சிலிங்குக்குப் போனா. நான் என்ன நெனச்சேன், வேண்டாம்னு எழுதிக் குடுக்கத்தான் போறான்னு நெனச்சேன். வந்து ஆர்டரக் காட்டறா. நல்லாம்பாறை ஹெட்மாஸ்டரு. ஏம்புள்ள, என்னைய ஒரு வார்த்த கேட்டியான்னு கேட்டேன். அவ ஆச்சரியமா என்னையப் பாத்து, "சாமியே குடுத்துருச்சுங்களே, நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க"ன்னா.

அப்பத்தானுங்க எனக்கு விசயமே வெளங்குச்சு. நான் வண்டியக் கேட்டிருக்கறேன், இவ வேலையக் கேட்டிருக்கறா. வந்தது ஒரே பூவு. சாமி யாருக்குப் பதில் சொல்லுச்சுன்னு இப்ப எப்பிடிங்க முடிவு பண்றது? மொதல்ல கண்ண மூடுனது நான். தட்டுல போட்டதும் நான். ஒரு நாயம்னு பாத்தா அது எனக்கு விழுந்த பூவுதான். ஆனா அத அவகிட்டச் சொல்லி மனச ஒடிக்க வேண்டாம்னு விட்டுட்டேன். சரி போ, ஒரு பூவுல ரெண்டு காரியமும் ஆகட்டும்னு.

வண்டி வந்துச்சு. மாலை போட்டு, எலுமிச்சங்கனி நசுக்கி, கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். அடுத்த நாள் காலையில சாவிய அவ கையில நானேதான் குடுத்தேன். ஏறி உக்காந்தா. காலு எட்டல. சீட்ட முன்னால தள்ளுனா முன்னால பானெட்டு தவிர ஒண்ணும் தெரியல. தலகாணி வெச்சேன். தலகாணி வெச்சாக் காலு இன்னும் எட்டல. அதையும் இதையும் பண்ணி நகத்துனா. பின்னால வாறப்ப கேட்டுத் தூணு வந்துருச்சு, பம்பர்ல லேசா ஒரு கீறலு. பாருங்க, தெரியுதா? தெரியாது, அத அன்னிக்கே சரி பண்ணிட்டேன். நான் சத்தமெல்லாம் போடல. கைக்குட்டையில துடைச்சுப் பாத்தேன், அவ்வளவுதான். அவ எறங்கி என்ற கையில சாவியக் குடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுங்கன்னு போயிட்டா. கொஞ்ச நாளைக்கு நானே ஓட்டிப் பழக்கி வெக்கறேன்னு பின்னாலயே சொன்னேன். கேட்டுச்சோ இல்லையோ.

அதுலிருந்து வண்டி எனக்குத்தானுங்க. தெனமும் கடைக்கு எடுத்துட்டுப் போவேன். கடை எங்கயா? இந்தத் தெருவத் திரும்புனாக் கடை. ஆனா வண்டின்னா தெனமும் ஓட்டோணும், இல்லைன்னா பேட்டரி எறங்கிப்போகும். குடும்பத்தோட வெளியூருன்னும் ஒருக்காப் போனோம், வால்பாறைக்கு. ஜன்னலத் தொறக்க வேண்டாம், தூசி ஏறும்னு சொல்லியிருந்தேன். வண்டிக்குள்ள முறுக்கு கிறுக்கெல்லாம் திங்க வேண்டாம், சந்துல போயிரும்னும் சொல்லியிருந்தேன். தர்ஷினிக்குக் கொண்டை ஊசி வளைவுல கொமட்டிக்கிட்டு வந்துருச்சு. வண்டிய நிறுத்தறவரைக்கும் பாவம் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திட்டே வந்தா. ரொம்பப் பொறுப்பான பொண்ணுங்க. ஒரு சொட்டு உள்ள விழுகல.

இனிதான் விசயமே இருக்குது. டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. அம்மிணி, நீங்க வெளிய நின்னே குடிச்சுட்டு அப்பறம் ஏறிக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல.

ஐப்பசியில அடமழை. ஒரு நாள் மத்தியானம் கோகிலா போன் பண்றா. ஓடையில தண்ணி வந்துருச்சு, பாலம் முங்கிருச்சு, பஸ் ரோட்டுப் பக்கத்துக் கரையிலிருந்து படிக்க வாற புள்ளைங்க நாலஞ்சு பேரு என்ற கூட நிக்கறாங்க, வீட்டுக்குப் போகோணும்னு அழுகறாங்க, நீங்க வர முடியுமான்னு. அவ என்கிட்ட அப்பிடி ஒண்ணு கேட்டு எத்தன காலமாச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு வேகமுங்க. இதுக்குத்தானடா வாங்குனோம்னு கடைய அப்பிடியே விட்டுட்டுக் கெளம்பிட்டேன். பாதி வழி மண்ரோடுதான், சேறு, வண்டி என்னமாப் போச்சுங்கறீங்க. லாரியெல்லாம் ஒதுங்கி நிக்குது, நான் ஏறிப் போறேன்.

ஓடைக்கு வந்தேன். செவசெவன்னு தண்ணி போகுது. அக்கரையில பள்ளிக்கூடத்து வராந்தாவுல அவளும் புள்ளைங்களும் நிக்கறது தெரியுது. என்ற வண்டியப் பாத்ததும் புள்ளைங்கெல்லாம் கைய ஆட்டுச்சுங்க. அவளும் ஆட்டுனா.

நான் எறங்கி ஒரு குச்சிய ஒடிச்சு பாலத்து மேல அளந்து பாத்தேன். ரெண்டடிக்கு மேல ஒரு நாலு வெரக்கடை. வண்டியோட புத்தகத்துல ரெண்டரை அடித் தண்ணி வரைக்கும் போகும்னு போட்டிருக்குது. கணக்குப்படி போகலாம். சந்தேகமே இல்ல, போகலாம். ஆனாப் பாருங்க, வண்டி வாங்கி மூணு மாசங்கூட ஆகல. எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுருவோம்னு ஷோரூமுக்குப் போன் பண்ணுனேன். அந்தத் தம்பி, தாராளமாப் போகும் சார், ஆனா எஞ்சினுக்குள்ள தண்ணி போனா வாரண்டியில வராது சார்னு சொல்றான். நான் மறுக்கா ஒருக்கா அளந்தேன். வண்டியச் சுத்தி வந்தேன். உள்ள ஏறி ஸ்டார்ட் பண்ணி, தண்ணிக்குப் பக்கத்துல முன் சக்கரம் வாறவரைக்கும் கொண்டு வந்து நிறுத்துனேன். காலடியில புது மேட்டு, புது சீட்டு. கொஞ்சம் வடியட்டும், ஒரு அரையடி கொறஞ்சாக்கூட நிம்மதியாப் போயிரலாம்னு உக்காந்திருந்தேன். பொறுப்புள்ள எவனும் அதத்தானுங்க செய்வான்.

சும்மாவும் உக்காந்திருக்கல. பேப்பர் வெச்சிருந்தேன், அதப் பிரிச்சு கீழயெல்லாம் விரிச்சேன். புள்ளைங்க ஈரக்காலோட ஏறுமே. சீட்டுக்குன்னு கவரு இருக்கவே இருக்குது. அவங்க வந்து உக்காரறதுக்கு எல்லாம் தயாரா வெச்சுட்டேன்.

பொழுது எறங்கிட்டு இருக்குது. அப்பப் பாத்து அந்த ஊருக்காரங்க யாரோ ஒரு டிராக்டரக் கொண்டாந்தாங்க. பின்னால டிரெய்லரு. எரு ஏத்தற டிரெய்லருங்க, கழுவிக்கூட இல்ல. அதுல புள்ளைங்கள ஏத்தி, இவளும் சீலைய இடுப்புல சொருகிட்டு, சின்னப் புள்ள ஒண்ணத் தூக்கி வெச்சுட்டு ஏறுனா. படபடன்னு தண்ணிக்குள்ள எறக்கி, நான் பாக்கப் பாக்க இக்கரைக்கு வந்துட்டாங்க. என்ற வண்டி மேல சேறு தெறிச்சுருச்சு, அது கெடக்கட்டும்.

நான் ஓடிப்போயி நாலு கதவையும் தொறந்து வெச்சேன். கோகிலா வந்தா. உள்ள எட்டிப் பாத்தா. சீட்டப் பாத்தா, விரிச்சு வெச்சிருந்த பேப்பரப் பாத்தா. என்னைய ஏசுவான்னு நெனச்சேன், ஏசல. ரொம்பப் பதனமா, மெதுவாச் சொன்னா.

"ஏனுங்க, புள்ளைங்களுக்குக் காலெல்லாம் சேறுங்க. நாங்க பஸ்ஸுல வந்தர்றோம்."

அவ்வளவுதானுங்க. புள்ளைங்களக் கைகோத்துக் கூட்டிட்டு ரோட்டுக்கு நடந்து போயிட்டா. நான் என்ன பண்ணுவேன்? ஏறு ஏறுன்னு பின்னால போயிச் சொன்னேன். பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டாங்க. நான் விடலயே, பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலயே லைட்டப் போட்டுட்டு வந்தேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். பின் கண்ணாடியில புள்ளைங்க மொகந்தான் தெரிஞ்சுது, அவ திரும்பிப் பாக்கல.

அடுத்த வாரத்துல நல்லாம்பாறையில பள்ளிக்கூடத்துப் பக்கத்துலயே ஒரு வீடு வாடகைக்கு எடுத்துட்டா. சண்டையெல்லாம் இல்லீங்க. மழை முடியறவரைக்குமுங்கன்னு சொன்னா. நானும் நாயந்தானன்னு சரின்னுட்டேன். அரைப்பரிச்ச முடிஞ்சதும் தர்ஷினிக்கு டி.சி. வாங்கி அங்கயே சேத்துட்டா. ஈஸ்வரமூர்த்தி அந்த ஓட்டக் காரக் கொண்டு போயி அக்காவுக்குன்னு நிறுத்திட்டான். அதுலதான் இப்ப அவ ஓட்டிட்டுத் திரியறாளாம். ஒடம்பு சரியில்லாத புள்ளைங்கள ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்கு, கோழி ஏத்திட்டு சந்தைக்குன்னு ஊரே அதுல ஏறி எறங்குதாம். என்னமா நாறும் அந்த வண்டி, நெனச்சுப் பாருங்க.

தெனம் பொழுதோட போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களான்னு கேட்பா. சாப்பிட்டேன்னு சொல்லுவேன். அதுக்கப்பறம் ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னு தெரியாது. தர்ஷினி போன வாங்கி, அப்பா இன்னிக்கு நாங்க தண்ணியில எறங்கி வெளையாண்டோம், கார்ல உக்காந்து முறுக்குத் தின்னோம்னு என்னென்னமோ சொல்லுவா. வெச்சப்பறம் இந்த வீடு இருக்குதே, சத்தமே இல்லீங்க. ஃபேன் சத்தங்கூடப் பெருசாக் கேக்குது. முன்னெல்லாம் நான் வண்டி வீடியோ பாக்கறப்ப சமையக்கட்டுல பாத்திரம் உருளும், சத்தத்தக் கொறைன்னு கத்துவேன். இப்பக் கத்தறதுக்கு ஆளில்ல. எனக்கு அவ வேணுமுங்க. வெளிய சொல்லக் கூச்சமா இருக்குது, நீங்க அசலூருக்காரங்க, அதனால சொல்றேன்.

அதனாலதான் இத விக்கறதும். இந்த வண்டியோட பிரச்சனையே அந்த ரெண்டரை அடிதானுங்க. புதுசா ஒண்ணு வந்திருக்குது, இதவிடப் பெருசு, முழுசா மூணடித் தண்ணியில அலுங்காம போகுமாம். எஞ்சினுக்கு மூக்கு ஒசரத்துல காத்துக் கொழாய் வேற வெச்சுத் தாறாங்க. அன்னிக்கு அது மட்டும் என்ற கையில இருந்திருந்தா, நான் ரோசனையே பண்ணியிருக்க மாட்டேன், ஒரே இழுப்பு, அக்கரை. இத வித்துட்டு அத எடுத்துட்டு நேரா நல்லாம்பாறைதான். பாரு புள்ள, இனி எந்த மழைக்கும் பயமில்லைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துருவேன்.

என்னங்க அம்மிணி, என்ன கேட்டீங்க? ஓடையில இப்பத் தண்ணி எத்தன அடியா?

இப்ப ஏதுங்க தண்ணி. தையிலயே வத்திப்போச்சு. மணலு தெரியுது, ஆடு மேயுது.

நீங்க சொல்றது நாயந்தான். இந்த வண்டியிலயே இப்பப் போகலாந்தான். போன வாரங்கூட ஒருக்காப் போனேனுங்க. யாருகிட்டயும் சொல்லல. ஓடை வரைக்கும் போயி, இக்கரையிலயே வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டுச்சு. அவளே வெளிய வந்து பெல்லடிச்சா, பாத்தேன். புள்ளைங்கெல்லாம் அவளச் சுத்தி நிக்குதுங்க, என்னமோ சொல்லிச் சிரிக்கறா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எறங்கிப் போயி என்னன்னு சொல்றதுன்னு ரோசன பண்ணிட்டே இருந்தேன். அப்பறம் திருப்பிட்டு வந்துட்டேன்.

பாலம் நல்லாத்தான் இருந்துது. ஒரு பொட்டுத் தண்ணியில்ல. வண்டி போயிருக்குமுங்க.